ஆறு சிவப்புப் பெலிக்கன்கள்

ஷார்ஜா ரோலாவில் ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள் ஹாலிதா. எந்த டாக்டரின் கிறுக்கலும் அவளுக்கு ஒரு பார்வைதான். பிறகு சீட்டெல்லாம் கம்ப்யூட்டரில் அச்சாகி வர ஆரம்பித்தது. அவள் கண்ணுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் போனில் ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். அமெரிக்கா புது நாடாக இருந்த காலத்தில் கப்பல் வியாபாரம் பண்ணி, அப்புறம் அரசியலில் குதித்த ஒருவரின் குடும்பக் கடிதங்களை ஒரு நூலகம் இணையத்தில் போட்டிருந்தது. பழைய கையெழுத்துப் புரிகிறவர்கள் படித்து, டைப் பண்ணித் தரலாமாம்.

ஹாலிதா அதிலேயே விழுந்துவிட்டாள். மதிய டியூட்டிக்குப் போகும்வரை அந்தக் குடும்பத்தோடுதான் குடித்தனம்.

"ஏங்க, அந்த மனுஷனுக்கு மறுபடியும் பல்வலி."

"யாருக்கு?" என்றார் புருஷன் சதக்கத்துல்லா, சட்டை மாட்டிக்கொண்டே.

"எலெக்‌ஷன்ல நிக்கிறாரே, அவருக்குத்தான்."

"கிராம்பு வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தன் கைலிக் கடையைத் திறக்கப் போனார்.

ஒருநாள் அந்த வியாபாரியின் மனைவி எழுதிய கடிதம் வந்தது. யாரோ ஏற்கெனவே படித்து வைத்திருந்தார்கள்: 'கிழக்கே போகும் கப்பலில் எனக்கு ஆறு சிவப்புப் பெலிக்கன்கள் வாங்கி வரச் சொல்லுங்கள். போன தடவை வந்தவை துவைத்ததும் சாயம் போய்விட்டன.' கீழே ஒரு குறிப்பு: 'அம்மையார் பறவைப் பிரியர்.'

ஹாலிதா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. பெலிக்கனை யாராவது துவைப்பார்களா? படத்தைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். பு... லி... காட்.

வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆகிப்போன பழவேற்காடு. அவள் பிறந்த ஊர்!

வலது காலில் தன் செருப்பு, இடது காலில் புருஷன் செருப்பு. அப்படியே கைலிக் கடைக்கு ஓடினாள். "நம்ம ஊருங்க! அமெரிக்காக்காரி நம்ம ஊரைக் கேட்டிருக்கா!"

விஷயம் புரிந்ததும் சதக்கத்துல்லாவுக்கு முகமெல்லாம் பல். "ஊர்ப் பேரையே வச்சுக் கூப்பிட்ட கட்டம் போட்ட கைக்குட்டைம்மா அது! அந்தக் காலத்துல நம்ம கரையிலேர்ந்து கப்பல் கப்பலாப் போச்சே." பிறகு குரல் இறங்கியது. "ஆனா சாயம் போச்சுன்னு எழுதியிருக்காளே? நம்ம ஊருச் சரக்கா இருக்காது. எவனோ ஏமாத்தியிருக்கான்."

நூலகத்துக்கு எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. நாலு வருஷமாக அந்த அம்மாவின் பறவைக் கூண்டைப் பற்றிக் கட்டுரையே எழுதிக்கொண்டிருந்தார்களாம். கூடவே ஒரு போட்டோ: கடிதங்கள் இருந்த பெட்டியின் அடியில், எதுவென்று தெரியாமல் மடித்து வைத்திருந்த சிவப்புக் கட்டத் துணி.

சதக்கத்துல்லா போனை மூக்குவரை கொண்டுபோய் நூலை ஆராய்ந்தார். "பாத்தியா, சாயம் அப்படியே நிக்குது!" என்று கத்திவிட்டு, கடை வாசலில் நின்ற வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் டீ சொன்னார்.