புரட்டாசியில் போட்ட சாப்பாட்டுக் கணக்கு

செலவுக் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். காப்பார் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. லோரியில் மூட்டை ஏற்றும் ஆளாகத் தொடங்கினேன். இன்றைக்குக் கிள்ளானில் என் பெயர் எழுதிய லோரிகள் ஓடுகின்றன. படித்த கணக்காளர் ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார். அவர் போட்ட கணக்கை நான் மனத்துக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

ஆகவே, பள்ளி விடுமுறையில் எல்லாருமாகத் தீம் பார்க்குக்குப் போய் இரண்டு இரவு தங்கலாம் என்று மகள் சொன்னபோது, சாப்பாட்டுச் செலவை நானே எடுத்துக்கொண்டேன். நுழைவுச் சீட்டு மருமகன் பொறுப்பு. அடுப்படி வைத்த அடுக்குமாடி வீடு ஒன்றைப் பக்கத்திலேயே மகள் பிடித்திருந்தாள்.

அந்த அடுப்படியைப் படத்தில் பார்த்ததும் என் மனைவி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“நான் வரல. நீங்க போயிட்டு வாங்க.”

“ஏம்மா?” என்றாள் மகள்.

“பினாங்கு போனோம், கேமரன் போனோம். நீங்கல்லாம் சுத்திப் பாத்தீங்க, நான் அடுப்பைப் பாத்தேன். அதை இங்க நம்ம வீட்லயே பாத்துக்கிறேன்.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஆட்கள் ஊர்ப்பயணம் என்றால் துணிப்பைக்கு முன்னால் ரைஸ் குக்கரைத்தான் காரில் ஏற்றுவார்கள். அது ஏறினால் கூடவே அவளும் ஏற வேண்டும்.

“இந்தத் தடவை நீ அடுப்புக்கிட்டயே போக வேணாம். நான் சொல்றேன்ல,” என்றேன்.

“போக வச்சீங்கன்னா அங்கயே டாக்சி புடிச்சு வீட்டுக்கு வந்துருவேன். அதுக்கப்புறம் எந்த ஊருக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது.”

சொன்னால் செய்கிறவள். பேத்தி தன் பாட்டியோடு தீம் பார்க்கின் அலைக்குளத்தில் இறங்க வேண்டும் என்று நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டே வீட்டில் திரிந்தது. அதனால் நான் நன்றாக யோசித்துத்தான் திட்டம் போட்டேன். விடுமுறை புரட்டாசியில் விழுந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். மனைவி முட்டைகூடத் தொட மாட்டாள். மற்றவர்கள் இதைத் தொல்லை என்று நினைப்பார்கள். நான் லாபமாகப் பார்த்தேன். கோழி இல்லை, மீன் இல்லை, இறால் இல்லை. கறியை எடுத்துவிட்டால் குடும்பச் சாப்பாட்டில் பாதிச் செலவு போய்விடும். போன தீபாவளிக்குக் காசு போட்டுக் கொடுத்து மிஞ்சிய அங்பாவ் உறைகளை எடுத்து, ஒவ்வொரு வேளைக்கும் ஓர் உறையில் பணம் போட்டு ஒட்டினேன். என் டிரைவர்களுக்கு வெளியூர் சாப்பாட்டுக் காசை அப்படித்தான் கொடுப்பேன். ஒருவரும் பசியோடு திரும்பியதில்லை.

“மாமா, நான் சனிக்கிழமை மட்டும் சைவம் இருந்தா போதாதா?” என்று மருமகன் மெதுவாகக் கேட்டார்.

“உங்க அத்தைகிட்ட கேளுங்க,” என்றேன். அவர் கேட்கவில்லை.

முதல் நாள் மதியம் பூங்காவுக்குள் மதிய உறையைப் பிரித்தேன். கடை வரிசை முழுக்கக் கோழி. கோழி பர்கர், கோழிச் சோறு, கோழி போட்ட மீ நூடுல்ஸ். சைவம் என்று கேட்டால் பொரித்த உருளைக்கிழங்கைக் காட்டினார்கள். அதன் விலைக்குக் கிள்ளானில் இரண்டு பேர் வாழை இலையில் வயிறாரச் சாப்பிட்டு மோரும் குடிக்கலாம். பரவாயில்லை என்று வாங்கினேன். என் மனைவி கடைக்காரப் பையனிடம் மலாயில் ஒரு கேள்வி கேட்டாள்: கோழி பொரிக்கிற எண்ணெயும் இதைப் பொரித்த எண்ணெயும் ஒன்றா? அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அவள் தட்டைப் பேத்தி பக்கம் நகர்த்தினாள். “எனக்குப் பசிக்கல.” பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்தாள். மருமகன் பக்கத்து மேசைக் கோழியைப் பார்த்துவிட்டு, தானும் தண்ணீர் குடித்தார்.

மாலையில் வெளியே ஒரு சைவக் கடையைத் தேடிப் பிடித்துச் சாப்பிட்டோம். ஆனால் மறுநாள் மதியத்துக்கு என்ன வழி என்பது அப்படியே இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி அடுப்படி அலமாரியைத் திறந்தாள். அரிசி இருக்கிறதா என்று பார்க்கத்தான். கை தானாகப் போய்விட்டது.

“அதை மூடு,” என்றேன்.

“நாளைக்குப் புள்ளைங்க என்ன சாப்பிடும்?”

“நான் சமைக்கிறேன்.”

மகள் சிரித்துவிட்டாள். “அப்பா, நீங்க சுடுதண்ணியே அம்மாகிட்டதான் கேப்பீங்க.”

போர்ட் கிள்ளானில் லோரிகள் சரக்குக்குக் காத்துக் கிடந்த காலத்தில், நிழலில் அடுப்பு மூட்டி டிரைவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கீழேயிருந்த கடையில் அரிசியும் பருப்பும் கேரட்டும் பயற்றங்காயும் ஊறுகாயும் வாங்கி வந்தேன். காலையில் எல்லாரும் எழுவதற்குள், அடுப்படியில் இருந்த ரைஸ் குக்கரில் பருப்பு சாதம் தயார். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. பிடித்தால்தான் வாசம். மனைவி படுக்கையிலிருந்தபடியே, “தண்ணி பத்தல போல,” என்றாள். ஆனால் எழுந்து வரவில்லை.

பூங்கா நுழைவாயிலில் பை சோதிக்கும் காவலாளிப் பெண், நான் தூக்கி வந்த குக்கரின் மூடியைத் திறந்து பார்த்தாள். தமிழ்ப் பெண்தான்.

“அங்கிள், வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போக முடியாது லா.”

“இதைச் சாப்பாடுன்னு யாரு சொன்னது? இது புரட்டாசி,” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானும் விரதம்தான் அங்கிள். அதுக்காக ரூல்ஸ மாத்த முடியுமா? கார்லயே வச்சிருங்க. பசிச்சா வெளிய வந்து சாப்பிட்டுட்டு, கைப்பட்டையக் காட்டித் திரும்ப உள்ள வரலாம். நெறைய பேரு அப்படித்தான் செய்றாங்க.”

அவள் சொன்னது சரிதான். மதியம் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால், வரிசையாகக் கார்களின் பின்கதவுகள் திறந்து கிடந்தன. மலாய்க் குடும்பம் ஒன்று பாய் விரித்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. மரநிழலில் நிறுத்திய எங்கள் காரின் பின்கதவைத் திறந்தேன். மடக்கு நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் மனைவியை உட்காரச் சொன்னேன். அலைக்குளத்தில் நனைந்த தலை, தோளில் துண்டு. பேத்தி அவள் மடியில் சாய்ந்திருந்தது. கரண்டி கொண்டுவர மறந்துவிட்டதால் அரிசி அளக்கும் குவளையால் அள்ளிப் போட்டேன்.

முதல் தட்டு அவளுக்கு. நான் நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

“உப்பு கம்மி,” என்றாள்.

“ஊறுகா இருக்குல்ல.”

“அதான் சாப்பிடுறேன்ல.”

மருமகன் இரண்டாம் தரம் தட்டை நீட்டினார். மகள் அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி வழித்துச் சாப்பிட்டு, தட்டை அங்கிருந்தபடியே என்னிடம் நீட்டினாள். கழுவ எழவில்லை. முப்பது நாற்பது வருஷத்தில் நான் பார்க்காத காட்சி அது. வாங்கி வைத்தேன்.

பேத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தது, அலைக்குளத்துக்கு நேரமாகிவிட்டதாம். இரண்டடி போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, நாளைக்கு என்ன சமைக்கப் போறீங்க?”

“உனக்கு என்ன வேணும்?”

“கத்திரிக்கா போட்டு ஏதாவது பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு, பேத்தியோடு வாயிலைப் பார்த்து நடந்தாள். கைப்பட்டையைக் காட்ட இப்போதே கையைத் தூக்கிக்கொண்டு.

நான் குக்கரை மூடி வைத்துவிட்டு, கத்திரிக்காய் எங்கே கிடைக்கும் என்று மருமகனிடம் போனில் பார்க்கச் சொன்னேன்.