ஆறு மணிக்கே சாப்பிட்டாச்சு

கடந்த ஆண்டு ஆனி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. தென்காசியில் நான் வேலை பார்த்த பல் மருத்துவமனை. வெளியே சாரல். நாளும் நேரமும் சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு நோயாளி வந்த நேரத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

அப்போது நான் பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பல்லைப் பற்றி மட்டும் கேட்கிற தேர்வு இல்லை அது. பொது மருத்துவமும் உண்டு. இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய் எல்லாம் வரும். கூடப் படித்தவர்கள் பலரும் அந்தப் பகுதியைக் கண்டு பயந்தார்கள். எனக்குப் பயமில்லை. பெரிய புத்தகங்களை வரி விடாமல் படித்து, நானே குறிப்பு எழுதியிருந்தேன். அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து, சர்க்கரை நோய்ப் பாடத்தில் கேள்விகள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்றைய முதல் நோயாளி கீழப்பாவூர்க்காரர். போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். விடியற்காலையிலேயே குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். தலை ஈரம் காயவில்லை, கழுத்தில் எண்ணெய் மினுமினுத்தது. மனைவி வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பல் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். பிரஷர் இல்லை. சுகர் உண்டு, ஏழு வருடமாக.

"மாத்திரைதானா? காலையில சாப்பிட்டாச்சா?" என்றேன், ஒரே மூச்சில்.

"ஆறு மணிக்கே சாப்பிட்டாச்சு டாக்டரம்மா."

'காலை உணவு: 6.00' என்று எழுதினேன். ஆறு மணிக்கா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. போலீஸ்காரர், அருவிக்கு வேறு கிளம்பியிருக்கிறார், சீக்கிரம் சாப்பிட்டிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டேன். அவர் விரல்கள் லேசாக நடுங்கின. அவரே சிரித்துக்கொண்டு, "முப்பது வருசம் லத்தி புடிச்ச கை. ஊசியப் பாத்தா நடுங்குதுன்னு வெளிய சொல்லிராதீய" என்றார்.

"எங்க அக்காதான் சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று உதவியாளர் அக்காவைக் காட்டினேன். அவர் சுந்தரபாண்டியபுரத்துக்காரர். அந்த மருத்துவமனையில் என்னைவிடப் பழையவர்.

மரத்துப்போகக் காத்திருந்த ஐந்து நிமிடத்தில் நோயாளியின் பேச்சு மாறியது. முதலில் முனகினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, அந்த லைட்ட அமத்துலே" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். "இவிய என்ன, டாக்டரப் போயி 'ஏலே'ங்காவ?"

எங்கள் ஊரில் பெண்ணை யாரும் ஏலே என்று கூப்பிட மாட்டார்கள். கோபமென்றால் ஏட்டி என்பார்கள். பயத்தில் வாய் குழறுகிறது என்று நினைத்தேன். நெற்றி முழுக்க ஈரம். அருவி ஈரமா வியர்வையா என்று யோசிக்கவில்லை. கண் சொருகியது. ஊசிக்குப் பயந்து வருகிற மயக்கம்தான், பல் மருத்துவர் நாற்காலியில் அடிக்கடி நடப்பது. சாய்த்துப் படுக்க வைத்து, காலை உயர்த்தினேன். ஒரு நிமிடத்தில் தெளிவார் என்று அக்காவிடம் உறுதியாகச் சொன்னேன்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. தெளியவில்லை. நாடியைப் பிடித்தேன். பயத்தில் வரும் மயக்கத்தில் நாடி மெதுவாக ஓடும். இவருக்குத் தடதடவென்று ஓடியது. ஊசி மருந்தால் இருக்கலாம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் அக்கா கதவைத் திறந்து அவர் மனைவியைக் கூப்பிட்டிருந்தார். "மயினி, இவிய காலைல என்னத்தத் தின்னாவ?"

"என்னத்தத் தின்னாவ? பல்லு புடுங்கணும்னா ரத்தம் குடுக்கப் போற மாரி வெறும் வயித்தோடதான் போவணும்னுட்டாவ. இட்லிய எடுத்து வச்சேன், தொடல. மாத்திரைய மட்டும் ஆறு மணிக்கே சாப்பிட்டாவ."

நான் எழுதியிருந்த 'காலை உணவு: 6.00' என்பதைத் திரும்பிப் பார்த்தேன். நம் ஊரில் சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை, அதன் மேல் அருவியில் ஒரு மணி நேரம், வயிற்றில் ஒன்றுமில்லை.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். ஐம்பதுக்கும் கீழே. எழுபதுக்குக் குறைந்தாலே ஆபத்து. கூப்பிட்டால் கண் திறந்தார், விழுங்க முடிந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அப்படி ஆகியிருந்தால், ஆம்புலன்ஸ் வரும் வரை என்னால் செய்ய முடிந்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். தூக்கி உட்கார வைத்து, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்தேன். ஒரு பக்கம் மரத்திருந்ததால் பாதி சட்டையில் வழிந்தது. அக்கா துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையின் மிக நீளமான பதினைந்து நிமிடம் அது.

பிறகு அவர் சுற்றிலும் பார்த்தார். "பல்ல எடுத்தாச்சா?" என்றார்.

"நல்லா எடுத்தாவ உம்ம பல்ல. ஆளையே எடுக்கப் பாத்தீரு" என்றார் மனைவி. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

பல் எடுக்கவில்லை. இட்லி வாங்கி வரச்சொல்லிச் சாப்பிட வைத்தோம். அந்த மாத்திரை இன்னொரு முறையும் சர்க்கரையை இறக்கலாம் என்பதால், அவர்களைப் பொது மருத்துவரிடம் நானே அழைத்துப்போனேன். தவறு என்னுடையது, நான் சரியாகக் கேட்கவில்லை என்று அவர்கள் இருவரிடமும் சொன்னேன். "நான்லா வெறும் வயித்தோட வந்தேன், நீங்க என்ன செய்வீய?" என்றார் அவர்.

அடுத்த வாரம் வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இட்லி நாலு, வடை ஒண்ணு, அப்புறம் மாத்திரை. வரிசையா எழுதிக்கிடுங்க" என்றார். எழுதிக்கொண்டேன். பல் சுலபமாக வந்துவிட்டது.

நுழைவுத் தேர்வும் எழுதினேன், இடமும் கிடைத்தது. இப்போது மேற்படிப்பில் இருக்கிறேன். சர்க்கரை குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும், நாடி வேகமாகும் என்ற நான்கும் அன்று காலை எனக்கு மனப்பாடம். நான்கும் என் கண் முன்னால் வந்து நின்றும் நான்கிற்கும் வேறு காரணம் சொன்னேன். அதனால் இன்று எந்த நோயாளியிடமும் "சாப்பிட்டாச்சா?" என்று நான் கேட்பதில்லை, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு, அவர் வாயால் பலகாரத்தின் பெயர் வரும்வரை காத்திருப்பதுதான் நான் படித்த பொது மருத்துவத்தில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த பகுதி என்று தைரியமாகச் சொல்வேன்.