ஏற்றிப் பார்ப்பவர்

இயந்திரத்தின் இரண்டு கைப்பிடிகளையும் சோதனைப் பெட்டியின் தட்டுகளில் அழுத்திப் பிடித்தபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இயந்திரம் மெல்ல முனகத் தொடங்குகிறது. முனகல் கீச்சென்று ஏறி, காதைக் குடைந்து, ஓரிடத்தில் நிலைக்கிறது. இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றாக இறங்குகின்றன. 'டப்' என்று ஒரு சத்தம். அதன் பிறகுதான் அவர் மூச்சு விடுகிறார்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த கட்டில்கள் அடுக்கிய கூடத்துக்கும் நடுவே அவருடைய பழுதுபார்க்கும் அறை. சலவை இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை நடுங்கும், தம்ளரில் தேநீர் தளும்பும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரே ஒரு மின்னடியில் வழிக்குக் கொண்டுவரும் பெட்டிகள் அவர் பொறுப்பு. நர்சுகளுக்கு அது ஷாக் பெட்டி. ஆகவே இவர் ஷாக் அண்ணன். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. நாற்காலியைக்கூடச் சத்தம் வராமல் தூக்கி வைக்கிற மனிதர்.

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் அவருடைய இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். வழியில் நெஞ்சு இருக்கிறதே. பழக்கம் முற்றி, வீட்டில் பால் காய்ச்சும்போதும் அந்தக் கை பின்னால்தான் இருக்கும். பால் காய்ச்ச வந்தாரா, அடுப்படியை மேற்பார்வை பார்க்க வந்தாரா என்று மனைவி கேட்பார்.

புதிதாக வரும் நர்சுகளுக்கு அவர் சொல்லும் பாடம் எப்போதும் ஒன்றுதான். "பேட்டரிக்கு அவசரம் தெரியாதும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கும். கெப்பாசிட்டர் அதை வாங்கி வாங்கிச் சேர்த்து வெச்சுக்கும். கொடுக்கணும்னு வந்துட்டா மொத்தத்தையும் கண்ணிமைக்கிறதுக்குள்ள கொடுத்துரும். அப்புறம் அது வெறும் டப்பா."

மனைவிக்கும் ஒருநாள் இதை விளக்கினார். கெப்பாசிட்டருக்குள்ளே இரண்டு தகடுகள், நடுவில் மெல்லிய தடுப்பு. ஒன்றில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு மற்றதில் குறையும். தடுப்பைத் தாண்டி எதுவும் போகாது. ஆனாலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். மனைவி வெங்காயம் நறுக்கியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எதுக்குங்க இத்தனை பேச்சு? நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொன்னா முடிஞ்சுது."

அந்த மனைவியைத்தான் மழைக்காலத் தொடக்கத்தில் மேல்மாடி இதய வார்டில் சேர்த்தார்கள். இதயம் அவ்வப்போது தாளம் தப்புகிறது, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில், சக்கர மேசையில் ஒரு ஷாக் பெட்டி. பழைய மாடல். சுவர் மின்சாரத்தில் அது நேராக வேலை செய்யாது. சுவர் பேட்டரிக்கு ஊட்டும், பேட்டரி கெப்பாசிட்டருக்கு ஊட்டும். அந்தப் பெட்டியை எத்தனையோ முறை பிரித்துப் பூட்டியவர் அவர். இப்போது முதல்முறையாக அதை நம்ப முடியாமல், அதன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

வேலை நடுவே கிடைக்கிற இடைவெளியிலெல்லாம் மாடியேறினார். வந்ததும் மனைவியைப் பார்ப்பதில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். ஏற்றுவார். முனகல் நிலைக்கும்வரை காது கொடுப்பார். சேர்ந்த மின்சாரத்தைத் தன் சோதனைப் பெட்டியில் கொட்டுவார். நிம்மதியோடு இறங்கிப் போவார். கடைசிப் படியில் அந்த நிம்மதி தீர்ந்துவிடும். மறுபடி ஏறுவார். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒவ்வொரு முனகலுக்கும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வார்டைப் பார்க்கும் மூத்த சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, உங்கள் பட்டறையா என்று கேட்டுப் பார்த்தார். செக் பண்ணுவது என் வேலை என்று இவர் முனகிவிட்டு நகர்ந்தார்.

மனைவி மட்டும் கடிந்துகொள்ளவில்லை. "ஏங்க, அதையே தொட்டுக்கிட்டு நிக்கிறீங்களே. எனக்குப் பக்கத்துல கொஞ்சம் உக்காரக் கூடாதா?"

இதோ என்றார். அடுத்த முறை வரும்போது உட்காருவதாகச் சொன்னார்.

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பேட்டரி இறங்குகிறது. கொட்டிய அத்தனையும் சோதனைப் பெட்டிக்குள் வெறும் சூடாகிக் காற்றோடு போகிறது. இறங்கியதைச் சுவர் நிரப்ப அரை நாளாவது பிடிக்கும். அவருக்குத் தெரியாததா? ஆனால் தெரிந்ததெல்லாம் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அன்று மத்தியானம் பேட்டரி தீர்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கியதையும் அவர் பார்த்தார். அப்படியென்றால் நிச்சயமாக ஒருமுறை சோதித்துவிட வேண்டும் என்று இன்னொரு தடவை ஏற்றிக் கொட்டினார். பிளக்கைச் செருகிவிட்டு இறங்கினார்.

அவர் அடித்தளத்தை எட்டுவதற்குள் மேலே மனைவியின் இதயம் தறிகெட்டுவிட்டது. சிஸ்டர் பொத்தானை அழுத்தினார். பெட்டி முனகியது. முனகல் பாதிவரை ஏறி, இழுத்து, ஓய்ந்தது. அடுத்த வார்டிலிருந்து வேறு பெட்டியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த அடியில் இதயம் திரும்பியது.

ஆனால் ரத்தம் குறைந்த அந்த நிமிடங்களில் மூளை அடிபட்டிருந்தது; மனைவி முழுதாகத் திரும்பவில்லை. கண் திறக்கிறார். கஞ்சி கொடுத்தால் விழுங்குகிறார். பேச்சு இல்லை. கணவரைப் பார்க்கும்போது, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரையோ பார்ப்பது போலப் பார்க்கிறார். பெட்டி உடனே ஏறியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஆறுதலை அவர் கையில் வாங்கவே இல்லை.

சிஸ்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். திட்டத்தான் அழைத்தார், முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"பார்த்துப் பார்த்தே அதைக் காலி பண்ணிட்டீங்களே, அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பது போலவும் இருந்தது, கேட்கவில்லை என்பது போலவும் இருந்தது.

மற்ற வார்டுகளின் பெட்டிகளை இன்றும் அவர்தான் சோதிக்கிறார். முனகல் ஏறும்போது தலை முன்போலவே சாய்கிறது. இதய வார்டை மட்டும் தன்னோடு வேலை செய்பவரிடம் கேட்டு மாற்றிவிட்டார். மாலையில் வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு மாடியேறுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறார். சலவை அறையில் யாரோ யாரையோ திட்டியது, கூரை ஒழுகி வாளி வைத்தது என்று அன்றைய கதையை மெல்லிய குரலில் சொல்கிறார். பதில் வரும் என்று நிறுத்திப் பார்க்கிறார். பிறகு தானே தொடர்கிறார்.

நேற்றும் அப்படித்தான். பேச்சு நடுவே மனைவியின் கண்கள் மூடின. அவர் பேச்சை நிறுத்தினார். அவருடைய இரண்டு விரல்கள் போர்வைமேல் ஊர்ந்து போய், மனைவியின் மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தைத் தேடின. தொடுவதற்கு முன் அந்தரத்தில் நின்றன. பிறகு மனைவியின் ஆஸ்பத்திரிச் சட்டைக் கையை மணிக்கட்டு மறையும்வரை இழுத்துவிட்டு, அதன் பொத்தானைப் போட்டார்.