முட்டம் கரையில் முப்பத்தாறு பேருக்கான படகு

1954, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு நாகர்கோவிலில் பஸ் புறப்பட்டது. முப்பத்திரண்டு பேர் ஏறலாம் என்று உள்ளே எழுதியிருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். ஐம்பத்து மூன்று பேர் இருந்தோம். கோழிகள் நான்கு தனி. என் உதடு அசைவதைக் கண்டக்டர் கவனித்துவிட்டார்.

"எண்ணி முடிஞ்சுதா பெரியவரே?"

"அம்பத்திமூணு."

"உம்மள செக்கராப் போட்டா நாங்க குடும்பத்தோட கடல்ல சாடணும். சும்மா இரியும்."

கடல் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. சித்திரையில் தனுஷ்கோடியில் கப்பலேறி, கொழும்பிலிருக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டும். வயது அறுபத்தொன்பது. நீந்தத் தெரியாது. சர்வே ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் அளந்தவன், அளக்க முடியாத தண்ணீரில் மிதக்க வேண்டும். அந்தக் கவலையில் ஐந்து மாதமாகக் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளைப் பற்றியே படித்துவந்தேன்.

நூற்றறுபது வருஷங்களுக்கும் முன்னால் லண்டனில் கோச்சு வண்டி செய்த ஒருவர்தான், படகின் ஓரத்தில் தக்கை வைத்தும் உள்ளே காற்றுப் புகாத அறைகள் வைத்தும் முங்காத படகு ஒன்றைச் செய்தாராம். பிற்பாடு அதே நாட்டில் ஒரு சர்ச் எழுத்தர், கிணற்றடியில் ஒரு பெண்ணின் வாளியில் மிதந்த உடைந்த மரக்கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். கவிழ்க்கக் கவிழ்க்க அது நிமிர்ந்தது. தானே நிமிரும் படகு அதிலிருந்து பிறந்தது. இத்தனை இருந்தும், நாற்பது வருஷத்துக்கு முன் பனிப்பாறையில் மோதிய அந்தப் பெரிய கப்பலில் படகுகள் பாதிப் பேருக்குத்தான் போதுமாயிருந்தன. சட்டம் கப்பலின் டன்னை எண்ணியதே தவிர, தலைகளை எண்ணவில்லை.

யுத்தகாலத்தில் ஒதுங்கிய அப்படியொரு படகு முட்டத்தில் கிடப்பதாகக் கருவாட்டு வியாபாரி ஒருவர் சொன்னார். கண்ணால் பார்க்காமல் கப்பலேறுவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

எட்டு மணிக்கு அம்மாண்டிவிளை. கட்டணம் ஐந்து அணா. அங்கிருந்து நடை, 4,216 காலடி. செம்மண் தேரிமேடு முடிந்ததும் பாறைகள், பாறைகளுக்கு மேலே கலங்கரை விளக்கம், கீழே சாம்பல் நிறக் கடல். ஒன்பதரைக்குப் படகின் முன் நின்றேன்.

படகுக்கு உடையவர் லாசர், ஐம்பது வயது மீனவர். முகப்பில் அடித்திருந்த பித்தளைத் தகட்டைத் தேய்த்துக் காட்டினார். இங்கிலீஷில் முப்பத்தாறு பேர் என்று இருந்தது.

"திங்கக்கிழம எம் மொவளுக்கு குளச்சல்ல கலியாணம், சாரே. முப்பத்திநாலு பேரு. இதுலதான் போறோம். இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்கு, நீரும் வாரும்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருக்கைப் பலகைகளுக்குக் கீழே குனிந்தேன். ஓரமாகக் காற்றுப் பெட்டிகளுக்கான எட்டுக் குழிவுகள். எட்டும் காலி.

"பெட்டிகள் எங்கே?"

"அந்த செம்புப் பெட்டியளா? ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல, வெறும் காத்து. ஏழு வெலைக்குப் போச்சு. ஒண்ணு வீட்டுல தண்ணிக்குக் கெடக்கு. காத்துக்கு எதுக்கு சாரே பெட்டி? கடல் முழுக்க காத்துதானே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காற்றுதான் படகு என்றேன்.

"மரம் முங்குமா சாரே? பொறந்ததுலேந்து கட்டுமரத்துல போறோம். அல மேல ஏறி எறங்கும். மரம் கெடக்கும், நாங்களும் கெடப்போம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. கட்டுமரம் முழுத்தடி, முங்கிக்கொண்டே ஆளைச் சுமக்கும். இது மெல்லிய பலகை. நீர் நிறைந்தால் தன்னைத் தாங்கும், ஏறியவனைத் தாங்காது. எத்தனை சொல்லியும் தலையாட்டினார்களே ஒழிய நம்பவில்லை. தண்ணீர் கோரி ஊற்றிப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன்.

பாறை மறைவில் படகை இறக்கி, வாளி வாளியாக நிரப்பினார்கள். விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்து நின்றது.

"முங்கலயே!" என்றார் லாசர்.

"ஏறுங்கள்."

நான்கு பேர் ஏறினார்கள். படகு அவர்கள் காலடியிலிருந்து சத்தமில்லாமல் கீழே போய், ஒருபக்கமாக உருண்டது. இறங்கியதும் மறுபடி மேலே வந்தது. மறுபடி ஏறினார்கள், மறுபடி போயிற்று. மூன்றாம் தடவை ஏறச் சொல்ல எனக்கு வேலையில்லாமல் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

ஜெயித்துவிட்டதாக நான் நினைத்த நேரம், லாசரின் மனைவி திரேசம்மாள் முன்னால் வந்தாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் உருண்டுச்சாம்."

போன ஆனியில் அவள் தம்பி சூசையும் சேர்த்து ஆறு பேர் இதே வள்ளத்தில் போயிருக்கிறார்கள். அலை அடித்து வள்ளத்தில் நீர் நிறைந்துவிட்டது. ஐந்து பேர் தூரத்தில் கிடந்த ஒரு கட்டுமரத்துக்கு நீந்தினார்கள். சூசை வள்ளத்தை விடவில்லை. முங்காத வள்ளத்த விட்டுட்டு எங்க போறியன்னு கத்தினானாம். வள்ளம் அன்றே கரைக்கு வந்தது. அவன் உடல் மூன்றாம் நாள் வந்தது.

"இதுவரைக்கும் கடல் கொண்டுபோச்சுன்னுதான் இருந்தோம்," என்றாள். லாசர் தகட்டைப் பார்த்தபடி நின்றார்.

அவள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அடுக்களை மூலையில் அந்தப் பெட்டி; மேல்தகடு வெட்டப்பட்டு, நிறையத் தண்ணீர், மிதக்கும் ஒரு சிரட்டை.

"ஆறு கொடம் கொள்ளும், சாரே. இது ஒண்ணு மட்டும் உள்ள கெடந்திருந்தா எத்தன பேரத் தாங்கியிருக்கும்?"

அவள் கேட்டு முடிக்குமுன் எனக்கு விடை வந்துவிட்டது.

"தெரியலம்மா," என்றேன். "அப்படியெல்லாம் கணக்குச் சொல்ல முடியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைச் சரித்தாள். தண்ணீர் முழுவதும் வாசல் மணலுக்குப் போயிற்று. "ஏட்டி, குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்வ?" என்று கேட்டுக்கொண்டே வந்த லாசர், பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். நாகர்கோவில் வடசேரியில் கொடுத்து ஈயம் வைத்து மூடப்போவதாகச் சொன்னார். மற்ற ஏழுக்கு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ரோட்டு வழியே போவதாக முடிவாயிற்று.

பிற்பகல் மூன்றரை பஸ். எத்தனை பேர் இருந்தார்களோ, பார்க்கவில்லை. சித்திரையில் கப்பலேறினால் தகட்டை வாசிக்கமாட்டேன். குனிந்து பலகைக்கு அடியில் தட்டிப் பார்ப்பேன். அதிகாரி ஏசினால் ஏசட்டும்.

ஐந்து மணிக்கு வீடு வந்தேன். குளியலறையில் எங்களுக்கும் ஆறு குடம் கொள்ளும் செம்பு அண்டா ஒன்று இருக்கிறது. கால் கழுவ அதன் மூடியை எடுத்தபோது, அடக்கிவைத்திருந்த கணக்கு தானாக ஓடியது. குடத்துக்கு முப்பது ராத்தல் தண்ணீர். ஆறு குடத்துக்கு நூற்றெண்பது. அந்த இடத்தில் காற்று இருந்தால் அவ்வளவு பாரத்தைத் தாங்கும். கழுத்துவரை நீரில் கிடக்கும் ஒருவனைத் தாங்க இருபது ராத்தல் தாராளம்.

ஒன்பது பேர். அன்று வள்ளத்தில் போனவர்கள் ஆறு பேர்தான்.