குந்தியிருந்தவனுக்கு விலக இடமில்லை

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் எங்கள் ரோட்டில் தூர ஊர் பஸ்களும் லொறிகளும் பெருகிவிட்டன. அந்த நாளில் நானும் மனைவியும் ஆட்டோவில் கல்முனைக்குப் போகும்போது, நிந்தவூர் தாண்டி வலப்பக்கப் பின் சில்லு பஞ்சராகிவிட்டது. ரோட்டோரம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். சோறாகப் போகிறதை மிதிக்க மனம் வரவில்லை. தாரிலேயே நிறுத்தி, ஆட்டோவைத் தூக்க ஜக் வைத்துக் குந்தினேன். மனைவியும் நெல்லில் கால் வைக்க மாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டா.

ஒரு பஸ் விலகாமல் ஹோர்னை மட்டும் அடித்தபடி வந்தது. முகத்துக்கு முன்னால் ஆட்டோ, முதுகுக்குப் பின்னால் பஸ். கன்னத்தைத் தகட்டோடு ஒட்டிக் இதோடு உயிர் போகிறது என்று கலிமாச் சொன்னேன். சட்டையை உரசிப் போன பஸ், காலடியில் கிடந்த ஜக் கம்பியில் ஏறி அதை வளைத்துவிட்டது.

நெல்லுக்குக் காவலிருந்த ஒரு ராத்தா கத்தினா: "நெல்லு கிடக்கட்டும் தம்பி! மௌத்தாகப் போறீங்களா? இதுக்கு மேல ஏத்துங்க ஆட்டோவ!"

ஜக்கை எடுத்துவிட்டு மூன்று பேருமாகத் தள்ளி ஏற்றினோம்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அதுவரை நானும் அந்த பஸ்காரனைப் போலத்தான். ஹோர்ன் அடித்தால் நிற்கிறவர்கள் விலகுவார்கள் என்று நினைத்தவன். இப்போது ஓரத்தில் வாகனம் நின்றால், வேகத்தைக் குறைத்து நான் விலகிப் போகிறேன். எதிரே வாகனம் வந்தால் அது போகும்வரை பின்னால் நிற்கிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவனின் முதுகு என் முதுகு.