காய்ச்சலுக்காகக் காத்திருந்தோம்

ஐம்பத்தேழில் ஃப்ளூ வந்தபோது ஓசூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். லேப் என்றால் ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், நான். அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் விரலில் ஊசியால் குத்தி, ரத்தத்தைப் பைபெட் என்ற கண்ணாடிக் குழாயில் வாயால்தான் இழுப்போம். முதல் நாளே குழந்தைகள் வார்டில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, புள்ள ரத்தத்தக் குடிக்கிறான்டி!"

விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. "ஆமா, உப்பு கம்மியா இருக்குது" என்றேன். வார்டே என்னைக் கண்டு நடுங்கியது.

அந்த வாரம் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் மாடு பார்க்கும் முனியப்பா தன் மகளைத் தூக்கி வந்தார். லட்சுமி, நாலு வயது. ஃப்ளூ வந்து நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஆனால் காய்ச்சல் இல்லை. அழுகையும் இல்லை. பக்கத்துக் கட்டில் பையன்கள் நூற்று மூன்று டிகிரியில் கூரை பிய்யக் கத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்குக் கட்டில் பஞ்சம்.

"ஜுரமே இல்லையேப்பா. மருந்து தரேன், வூட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

"அதான் சாமி பயமா இருக்குது. கத்துற கன்னு பொழச்சிக்கும். காது சில்லுன்னு ஆகி, சும்மா படுத்துக்கிற கன்னு..."

"இது ஆஸ்பத்திரிய்யா, மாட்டுக் கொட்டாய் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. யாரும் கேட்காமலே லட்சுமியின் விரலில் குத்தினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வாயால் உறிஞ்சியதற்கு முனியப்பா மட்டும் அசரவில்லை. "கன்னுக்கு மூக்கடைச்சா நாங்களும் இப்டித்தான் சார்" என்றார்.

எண்ணினேன். வெள்ளை அணு இரண்டாயிரம். சாதாரணமாகவே ஏழெட்டாயிரம் இருக்க வேண்டிய வயது. நிமோனியாவில் அது இன்னும் ஏறும். கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆளே இல்லை என்றால் காய்ச்சல் எங்கிருந்து வரும்?

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "தப்பா எண்ணியிருக்கே. கண்ணாடி போடுய்யா."

"நீங்களே வந்து எண்ணுங்க சார்."

வந்தார், குனிந்தார், எண்ணினார். அவருக்கு ஆயிரத்து எண்ணூறுதான் வந்தது.

நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. "பென்சிலின் எடு. இவ கட்டிலை யாருக்கும் குடுக்காதே" என்று நர்ஸிடம் கத்தினார்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. முனியப்பா மகளின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நர்ஸ் ஓடி வந்தார்.

"சார், ஜுரம் வந்திருச்சி! நூத்தி ரெண்டு!"

கல்யாணச் செய்தி போலச் சொன்னார். முனியப்பா கும்பிட்டார். டாக்டர் சிரித்தார். மற்ற அம்மாக்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டினார்கள். நான் பைபெட்டோடு போனேன். லட்சுமி ஊசியைக் கண்டதும் வீறிட்டு, என் வயிற்றில் ஓர் உதை விட்டாள். பைபெட் விழுந்து உடைந்தது. இருந்ததே இரண்டு. இன்னொன்றில் எடுத்து எண்ணினேன். ஒன்பதாயிரம்.

லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் முறைக்கிறார் என்று எண்ணியதை அடித்துத் திருத்தாதீர்கள். ஸ்டூலை நகர்த்திப் போட்டு, அவரை உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள்.