மேன் போட்டுப் பாரு, மக்கா!

கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்ப்பவனை யாரும் தொந்தரவு செய்யாத நேரம் என்று ஒன்று உண்டு. அது கரண்ட் போயிருக்கும் நேரம்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நாகர்கோவிலை அடுத்த ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் நான் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். லினக்ஸ் அப்போதுதான் பாடத்திட்டத்துக்குள் நுழைந்திருந்தது. இன்டர்நெட் பிரின்சிபால் அறையைத் தாண்டி வரவில்லை. பிள்ளைகளுக்கு இருந்த ஒரே துணை ‘மேன்’. கறுப்புத் திரையில் மேன் என்று அடித்து, பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரை அடித்தால், அது என்ன செய்யும், எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக விளக்கம் வந்து விழும். மேனுவலையே மெஷினுக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள், வேறென்ன வேண்டும்? படிக்க ஆள் வேண்டும். நாலு பேருக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவராக நீங்களும் இருந்தால், என் வயிற்றெரிச்சல் இந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு உறுதிக்கு

வடசேரி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பஸ்ஸின் நெற்றியில் மார்த்தாண்டம் என்று எழுதியிருக்கும். பின்பக்கமும் எழுதியிருக்கும், படிக்கட்டுக்குப் பக்கத்திலும் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு நம் ஆட்கள் கண்டக்டரிடம் போய், “மார்த்தாண்டம் போவுமா?” என்று கேட்பார்கள். அவரும் கோபப்படாமல் “ஏறுங்க” என்பார். இந்தப் பழக்கம் ஒரு குறையும் இல்லாமல் என் லேபுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

கேட்பவர்களில் முதல் ஆள் ஜெனிபர். தேங்காய்ப்பட்டணத்துப் பெண். சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது, அரியர் இருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. அவளுக்கு இருந்த ஒரே அரியர் என்னுடைய லினக்ஸ் செய்முறைத் தேர்வு. இன்னொரு தடவை கோட்டைவிட்டால் அந்த வேலை கைநழுவிப் போய்விடும். அதனால் அவளை எப்படியாவது மேன் படிக்க வைத்துவிடுவது என்று நானும் கங்கணம் கட்டியிருந்தேன்.

ஒரு நாள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், மேன் பக்கத்தைத் திறந்து, சரியான வரியைக் கண்டுபிடித்து, அதன் கீழே விரலையும் வைத்திருக்கிறாள். “இது சரிதானா சார்?” என்றாள். “அதான் அங்கேயே எழுதியிருக்கே!” என்று கத்தினேன். அவள் அசரவில்லை.

“எழுதினது இருக்கட்டு சார். நீங்க ஒருக்கா வாயால சொல்லுங்க, ஒரு உறுதிக்கு.”

காணாமல் போன அதிகாரங்கள்

ஜெபசிங் என்றொரு மாணவன். போதகர் மகன். அவர்கள் வீட்டில் தினமும் மாலை ஜெபத்தில் வேதாகமத்தை வரிசையாக, ஒரு அதிகாரம் விடாமல் வாசிப்பார்கள். அவனிடம் பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையைப் பற்றி மேனில் பார்த்துவரச் சொன்னேன். வந்தது ஒன்றாம் பகுதி. அந்தப் பக்கத்தின் கடைசியில், இதே பெயரில் ஐந்தாம் பகுதியில் உள்ளதையும் பார்க்கவும் என்று போட்டிருந்தது. ஒன்றிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவுவது அவன் வீட்டில் நடக்கிற காரியமா? இரண்டைத் தேடினான், இல்லை. மூன்றைத் தேடினான், அதுவும் இல்லை. முகமெல்லாம் வெளிறிப்போய் என்னிடம் வந்தான். “சார், ரெண்டாம் அதிகாரம் தொட்டு நாலாம் அதிகாரம் வரைக்கும் காணல்ல. யாரோ அழிச்சுப் போட்டான். நான் தொடவே இல்ல சார்.”

எண் என்பது அதிகாரம் அல்ல, வகை. ஒன்றில் கட்டளைகள் இருக்கும், ஐந்தில் ஃபைல்களின் அமைப்பு இருக்கும், நடுவில் இந்தப் பெயருக்கு வேலையே இல்லை என்று விளக்கினேன். மனசிலாச்சு என்று தலையாட்டினான். ஆனாலும் வருத்தம் போகவில்லை.

“அப்பம் இத எழுதினவன், மொதல்ல தொட்டு வாசிக்க ஒருத்தனும் வரமாட்டான்னு நெனச்சேதான் எழுதியிருக்கான் சார்.”

ரெக்சின் அட்டை

காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்றார்கள். எங்கள் துறைத் தலைவர் லேபுக்கு வந்து, “மேனுவல் எங்க?” என்று கேட்டார். “மெஷினுக்குள்ள இருக்கு சார்” என்றேன். “உள்ள இருந்தா வாறவங்களுக்க கண்ணுல படுமா? அலமாரியில இருக்கணும்” என்றார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வாரம் முழுக்கக் கிறீச்சிட்டது. மடித்து மடித்து விழுந்த காகிதத்தை அள்ளி, வெட்டி, ரெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்து பதித்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, “வெரி குட்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரையில் படித்தால் கண் வலிக்கிறது, அந்தப் புத்தகத்தைத் தாருங்கள் என்று ஜெனிபர் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். மேன் படிக்க ஒருத்தி தானாக வந்து கேட்கிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துறைத் தலைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அது வாசிக்கதுக்கு இல்ல பிள்ளே, காட்டுகதுக்கு.”

கிரேனுக்குள் ஒரு புத்தகம்

தேர்வுக்கு முன்னால் ஜெனிபரின் அப்பா லேபுக்கு வந்தார். வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர், லீவில் வந்திருந்தார். ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, கறுப்புத் திரையையும் வெள்ளை எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “கலர் ஒண்ணும் வராதா சாரே?” என்றார். வராது என்றேன். பிறகு மகளுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில், “இவளுக்க வேல உறுதியாச்சுன்னா நான் திரும்பப் போவல்ல. பாஸாவாளா?” என்றார். அதுவரை ஒரு மாணவியின் அரியராக இருந்தது, அந்த நிமிஷம் ஒரு மனிதர் வீட்டில் இருப்பதா போவதா என்ற கேள்வியாகிவிட்டது.

அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், மேனுவல் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது, படித்தால் பாஸாகிவிடுவாள் என்று சொல்லி வைத்தேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“எங்க கிரேனுக்க உள்ளயும் ஒரு புஸ்தகம் உண்டு சாரே. கிரேன் சாஞ்ச பொறவுதான் அத எங்க வச்சோம்னு தேடுவானுவ.”

உள்ளே போனவர்

தேர்வு நாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பாடம் வேறு. லினக்ஸ் புதிது என்பதால் ஆள் கிடைக்காமல் அவரை அனுப்பியிருந்தார்கள். துறைத் தலைவர் நேந்திரங்காய் சிப்ஸோடு அவர் பின்னாலேயே நடந்தார். கடந்த இரண்டு நாளில் மாற்றப்பட்ட ஃபைல்களைத் தேடிக் காட்டு என்பது ஜெனிபருக்கு வந்த கேள்வி. கட்டளை தெரியும், அதோடு என்ன சேர்ப்பது என்பது மறந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. தானாகவே மேன் போட்டாள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

பட்டது தேர்வாளர் கண். “என்னம்மா இது? இதுல விடை இருக்கா?” என்றார். “இருக்கு சார்” என்றாள் அந்த அப்பாவி. உடனே விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார். காப்பியடித்ததாக ரிப்போர்ட் எழுதப் போகிறாராம். “அதுல விளக்கம்தான் சார் இருக்கு, கட்டளைய அவதான் எழுதணும்” என்று மன்றாடினேன். “அப்போ எல்லாரும் புஸ்தகத்தத் தொறந்து வச்சே எழுதலாமே” என்றார். துறைத் தலைவர் சிப்ஸ் தட்டைப் பிடித்தபடி, “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். ஜெனிபர் அழுதுவிட்டாள். எனக்கு அவள் அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

என்னென்ன படித்திருக்கிறாள் என்று பார்க்கத் தேர்வாளர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தார், குறித்துக்கொண்டார். பிறகு மூடப் பார்த்தார். மூடுவதற்குத் திரையின் மூலையில் பெருக்கல் குறி இல்லை. எஸ்கேப்பை அமுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. என்டரைத் தட்டினார், ஒரு வரி முன்னே போனது. ஸ்பேஸைத் தட்டினார், ஒரு பக்கமே போனது. தட்டத் தட்ட ஆழத்துக்குள் போய்க்கொண்டே இருந்தார். பவர் சுவிட்சை நோக்கிக் கை நீண்டது. “அணைச்சா ஆதாரம் அழிஞ்சு போவும் சார்” என்றேன் பணிவாக. கை திரும்பி வந்தது. துறைத் தலைவரைப் பார்த்தார். அவர் சிப்ஸைப் பார்த்தார். தேர்வாளர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். லேப் முழுக்க எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஜெனிபர் பக்கம் திரும்பினார். “இதுலேருந்து எப்படிம்மா வெளிய வர்றது?”

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லித் தாறேன் சார். ஆனா அது காப்பி ஆயிராதா?”

முதலில் சிரித்தது தேர்வாளர்தான், அது அவருடைய பெருந்தன்மை. விடைத்தாள் அவள் கைக்கு வந்த பிறகே ஜெனிபர் ‘க்யூ’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி அவரை விடுவித்தாள். அவள் பாஸானாள், சென்னைக்குப் போனாள், அவள் அப்பா ஊரோடு இருந்துவிட்டார்.

இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்திய பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவருக்கு மேனுவல்மேல் மரியாதை வரவேண்டுமானால், அவரை ஒரு தடவை அதற்குள் அனுப்பிவிட்டு வெளியே வரும் வழியைச் சொல்லாமல் இருந்தால் போதும்.